துவோமோனுக்கு வந்து சேராத சவப்பெட்டி

பிரான்சின் மேற்குக் கடற்கரைக்கு அப்பால் யூ என்றொரு சிறு தீவு இருக்கிறது. 1973 பிப்ரவரியில் ஓர் இரவு, அந்தத் தீவின் இடுகாட்டில் சிலர் ஒரு கல்லறையின் மூடுகல்லைப் பெயர்த்து, உள்ளிருந்த சவப்பெட்டியை எடுத்து வேனில் ஏற்றினார்கள். படகில் கரை சேர்ந்து பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். சில நாட்களில் பாரிசை ஒட்டிய ஒரு வாகனக் கொட்டகையில் காவல்துறை பெட்டியைக் கண்டுபிடித்தது. அரசு அதைத் தீவுக்கே திருப்பி அனுப்பி, அதே குழியில் புதைத்தது.

திருடியவர்களுக்குப் பணம் நோக்கமில்லை. நாட்டின் மறுகோடியில், கிழக்கே, வெர்தன் நகரத்துக்கு மேலே உள்ள துவோமோன் குன்றுக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுபோக வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். பெட்டிக்குள் இருந்தவர் மார்ஷல் ஃபிலிப் பெத்தாங். தன் வீரர்களோடு துவோமோனில் அடக்கமாக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். முதல் உலகப் போரில் வெர்தனைக் காத்தவர் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு தேசத்துரோகி என்று தீர்ப்பளிக்கப்பட்டு, அந்தத் தீவில் கைதியாகவே இறந்தவரும் அவர்தான்.

நான் புதுச்சேரிக்காரன். எங்கள் கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்கு எதிரே, பிரெஞ்சுப் போர் நினைவகம் இருக்கிறது. நான்கு தூண்களுக்கு நடுவே தலை கவிழ்ந்து நிற்கும் ஒரு வீரன். சிறுவயதில் அப்பாவோடு மாலை நடை போகும்போதெல்லாம், ஐரோப்பாவில் நடந்த போருக்காக எங்கள் கடற்கரையில் ஒருவன் ஏன் தலை குனிந்து நிற்கிறான் என்று கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விதான் பல ஆண்டுகள் கழித்து, ஓர் அக்டோபர் மாதத்தில், என்னை வெர்தன் வரை இழுத்துக்கொண்டு போனது.

வெர்தனில் என்ன நடந்தது என்று சொல்லாமல் பெத்தாங்கைப் பற்றிப் பேச முடியாது.

1914இல் பெல்ஜியத்தின் லியேஜ், நாமூர் கோட்டைகள் ஜெர்மானியப் பெரும்பீரங்கிகளின் முன்னே சில நாட்களில் நொறுங்கின. அதைப் பார்த்த பிரெஞ்சுத் தலைமைத் தளபதி ஜோஃப்ர், கோட்டைகளின் காலம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டினார். 1915 ஆகஸ்டு முதல் வெர்தனைச் சுற்றியிருந்த கோட்டைகளின் பீரங்கிகளும் வீரர்களும் வேறு முனைகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டார்கள். அங்கே ஒரு காட்டில் காவல் இருந்த எமில் திரியான் என்ற படை அதிகாரி, நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. தன் முன்னால் நல்ல பதுங்குகுழிகளோ முள்வேலியோ இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து, நாடாளுமன்ற அவைத்தலைவருக்கே கடிதம் எழுதினார். ஜோஃப்ருக்குக் கோபம் வந்தது. அப்படி அஞ்சுவதற்குக் காரணம் எதுவும் இல்லை என்று போர் அமைச்சருக்கு மறுமொழி போனது.

1916 பிப்ரவரி 21, காலை ஏழரை மணிக்குச் சற்று முன்பு, 1,200க்கும் மேற்பட்ட ஜெர்மானியப் பீரங்கிகள் ஒரு குறுகிய முனையின் மீது வாய் திறந்தன. அன்று மாலை வரை குண்டுமழை. திரியானின் காட்டில் மரங்கள் வேரோடு பறந்தன. ஏறத்தாழ 1,200 பேர் கொண்ட அவருடைய படை மறுநாள் மாலை வரை தாக்குப்பிடித்தது. உயிரோடு பின்வாங்கியவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். திரியான் திரும்பவில்லை. அவருடைய கடிதம் சரி, ஜோஃப்ரின் மறுமொழி தவறு என்று தெரிந்துகொள்ளப் பிரான்சு கொடுத்த விலையின் முதல் தவணை அது.

ஐந்தாம் நாள் நடந்தது இன்னும் கொடுமை. வெர்தன் கோட்டைகளிலேயே மிகப் பெரியது துவோமோன். அதற்குள் அப்போது இருந்தவர்கள் வயதான காவல் வீரர்கள் 60 பேர் அளவில்தான். பிப்ரவரி 25 அன்று பிரண்டன்பர்க் படைப்பிரிவைச் சேர்ந்த சில ஜெர்மானிய வீரர்கள் அகழிக்குள் இறங்கி, திறப்பு ஒன்றின் வழியே உள்ளே நுழைந்தார்கள். எதிர்ப்பே இல்லாமல் கோட்டை விழுந்தது. ஜெர்மனியில் தேவாலய மணிகள் ஒலித்தன. அதே கோட்டையைத் திரும்பப் பிடிக்கப் பிரான்சுக்கு எட்டு மாதங்களும் பல்லாயிரம் உயிர்களும் தேவைப்பட்டன.

துவோமோன் விழுந்த அதே நாள் இரவில்தான் வெர்தனின் பொறுப்பு பெத்தாங்கின் கைக்கு வந்தது.

வடக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1914இல் போர் தொடங்கியபோது வயது 58. கர்னல் பதவியிலேயே ஓய்வுபெறும் தறுவாயில் இருந்தார். பதவி உயராததற்குக் காரணம் உண்டு. துணிந்து பாய்ந்தால் எதையும் வெல்லலாம் என்று அன்றைய பிரெஞ்சுப் படைக் கல்லூரி ஓதிக்கொண்டிருந்தது. அவர் மட்டும் 'சூடு கொல்லும்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எந்திரத் துப்பாக்கிக்கு முன்னால் மார்பைக் காட்டி ஓடுவது வீரம் ஆகாது, வீண் சாவு என்பது அதன் பொருள். போரின் முதல் சில வாரங்களிலேயே பிரான்சு லட்சக்கணக்கில் வீரர்களை இழந்த பிறகு, இந்த மனிதர் சொன்னது காதில் விழத் தொடங்கியது.

வெர்தன் வந்து சேர்ந்ததும் அவருக்கு நிமோனியா கண்டது. சூயி என்ற கிராமத்தில் படுக்கையில் கிடந்தபடியே கட்டளைகளைப் பிறப்பித்தார். முதலில் பீரங்கிகளை ஒழுங்குபடுத்தினார். அடுத்து வழி. வெர்தனுக்குச் சென்ற பெரிய ரயில் பாதைகள் இரண்டும் பயனற்றுப் போயிருந்தன. மிஞ்சியது பார்-லெ-தூக் ஊரிலிருந்து வரும் ஒரு சாலையும் அதன் பக்கத்திலேயே ஓடிய குறுகிய ரயில் பாதையும்தான். அந்தச் சாலையை லாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். ஆட்கள் நடக்கக் கூடாது, மாட்டு வண்டி, குதிரை வண்டி எதுவும் ஏறக் கூடாது. பழுதான லாரியைத் தள்ளிப் பள்ளத்தில் விட்டுவிட வேண்டும், நிற்பதற்கு இடமில்லை. நெருக்கடியான நாட்களில் 14 விநாடிக்கு ஒரு லாரி. பனி உருகிச் சாலை சேறாகியபோது, பக்கத்துக் குவாரிகளில் கல் உடைத்து, ஓடும் லாரிகளின் சக்கரங்களுக்கு அடியிலேயே வீசினார்கள். லாரிகளே சாலை உருளையாகவும் ஆகிக் கல்லை அழுத்தின. வாரத்துக்கு 90,000 வீரர்களும் 50,000 டன் சரக்கும் அந்த வழியே போயின. பின்னாளில் அதற்குப் 'புனித வழி' என்று பெயர் வந்தது. இன்று அதன் சாலை எண் 1916. அதன் மைல்கற்களின் தலையில் உலோகத்தில் வார்த்த போர்த்தொப்பி கவிழ்ந்திருக்கிறது. பஸ்ஸின் சன்னலில் முகத்தை வைத்து அந்தத் தொப்பிகளை எண்ணத் தொடங்கினேன். ஒரு கட்டத்தில் எண்ண முடியவில்லை.

பெத்தாங் செய்த மூன்றாவது காரியம்தான் என் மனத்தைப் பல ஆண்டுகளாக விடாமல் பிடித்திருக்கிறது. ஜெர்மானியர்கள் தங்கள் படைப்பிரிவுகளை முனையிலேயே வைத்து, செத்தவர்களுக்குப் பதில் புது ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெத்தாங் அப்படிச் செய்யவில்லை. ஒரு பிரிவை உள்ளே அனுப்பி, அது முற்றிலும் சிதைவதற்குள் வெளியே எடுத்து, அடுத்த பிரிவை அனுப்பினார். இதற்குப் படையினர் வைத்த பெயர் 'நோரியா'. ஆற்றிலிருந்தும் கிணற்றிலிருந்தும் நீர் இறைக்கும் சக்கரத்தின் பெயர் அது. கமலை இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சால் காலியாக இறங்கும், நிறைந்து ஏறும். வெர்தனில் அது தலைகீழாக நடந்தது. நிறைந்து இறங்கிய சால் காலியாக ஏறியது. சூயியின் ஊர் மன்றப் படிக்கட்டில் நின்று, போகும் இளைஞர்களையும் திரும்புகிறவர்களையும் பெத்தாங் பார்த்துக்கொண்டிருப்பாராம். கண்கள் உறைந்து, பேச்சற்றுத் திரும்பியவர்களைக் கண்டு தன் நெஞ்சு இறுகியதாக அவரே எழுதியிருக்கிறார்.

இந்த முறையால் பிரெஞ்சுப் படையின் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெர்தன் வழியாகப் போய் வந்தது. பிரான்சில் வெர்தன் பார்த்த ஆள் இல்லாத கிராமமே இல்லை என்கிற நிலை உண்டாயிற்று. அந்த ஆட்கள் எல்லோரும், தங்களைச் சாகவிடாமல் வெளியே எடுத்த தளபதி என்று ஒரே பெயரைச் சொன்னார்கள். 1940ஐப் புரிந்துகொள்ள இதை மறக்காமல் இருக்க வேண்டும்.

மே மாதம் பெத்தாங்கை மேல் பதவிக்கு உயர்த்தி, வெர்தனை நிவேல் என்ற தளபதியிடம் கொடுத்தார்கள். பெத்தாங் அதிகமாகப் படைகளைக் கேட்கிறார், தாக்கத் தயங்குகிறார் என்று ஜோஃப்ருக்கு மனத்தாங்கல். நிவேலுக்கும் அவருடைய வலக்கரமான மாஞ்சேனுக்கும் அந்தத் தயக்கம் இல்லை. மாஞ்சேனைச் சொந்த வீரர்களே 'கசாப்புக்காரர்' என்று அழைத்தார்கள்.

ஜூன் மாத வெயிலில் வோ கோட்டை முற்றுகைக்கு உள்ளானது. உள்ளே தளபதி ரேனால். மேலே ஜெர்மானியர்கள், கீழே இருட்டு நடைவழிகளில் பிரெஞ்சுக்காரர்கள், நடுவே மணல்மூட்டைச் சுவர்கள். குண்டுகளும் தீவீசிகளும் செய்ய முடியாததைத் தாகம் செய்தது. தொட்டியில் நீர் இருப்பதாகக் காட்டிய கணக்கு பொய்யாக இருந்தது. சுவரில் கசிந்த ஈரத்தை நாக்கால் நக்கினார்கள், சிறுநீரைக் குடித்தார்கள். கடைசிச் செய்தியோடு கடைசிப் புறா பறந்தது. ஜூன் 7 அன்று ரேனால் சரணடைந்தார். எதிர்த்தரப்புத் தளபதியான ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் அவரை வரவழைத்து, மரியாதைக்கு ஒரு வாளைக் கொடுத்தார். அந்த இருட்டு நடைவழியில் நான் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றேன். அதைத் திறக்க மனம் வரவில்லை.

ஃப்ளூரி கிராமம் 16 முறை கைமாறியது என்கிறார்கள். இன்று அங்கே காடும் குழிகளும்தான். குழிகளுக்கு நடுவே சிறு குறிகள்: இங்கே ரொட்டிக் கடை, இங்கே கொல்லன் பட்டறை, இங்கே பள்ளிக்கூடம். அழிந்த ஒன்பது கிராமங்களுள் ஆறில் ஒருவர்கூடக் குடியில்லை. ஆனாலும் அவற்றுக்கு மேயர்கள் நியமிக்கப்படுகிறார்கள். ஆளில்லாத ஊருக்கு மேயர் என்பதை முதலில் கேட்டபோது வியப்பாக இருந்தது. அங்கே நின்றபோது, வேறு எப்படியும் இருக்க முடியாது என்று தோன்றியது.

ஜூலையில் சொம் ஆற்றங்கரையில் பிரிட்டனும் பிரான்சும் தாக்கத் தொடங்கியதும் ஜெர்மனியின் அழுத்தம் தளர்ந்தது. வெர்தனைத் தொடங்கிவைத்த ஜெர்மானியத் தலைமைத் தளபதி ஃபால்கன்ஹைன் ஆகஸ்டில் பதவி இழந்தார். பிரான்சை 'இரத்தம் வடியவிட்டுக்' கொல்வதே தன் நோக்கம், நகரத்தைப் பிடிப்பது அன்று என்று போருக்குப் பின் அவர் எழுதினார். அதற்குச் சான்றாக அவர் சொன்ன 1915 கிறிஸ்துமஸ் அறிக்கையின் மூலப்படி இன்றுவரை எவர் கண்ணிலும் படவில்லை. தோற்ற பிறகு கட்டிய கதை அது என்று ஐயப்படும் வரலாற்றாசிரியர்கள் பக்கமே நான் நிற்கிறேன். அவருடைய இடத்துக்கு வந்த ஹிண்டன்பர்க், 1933இல் குடியரசுத் தலைவராக இருந்து ஹிட்லரைப் பிரதமராக நியமித்தார். முதல் போரின் புகழைச் சுமந்த முதிய மார்ஷல் ஒருவர் அதை எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதற்கு ஜெர்மனியும் ஓர் எடுத்துக்காட்டை வைத்திருக்கிறது.

அக்டோபர் 24 அன்று மொராக்கோவின் பெயர் தாங்கிய குடியேற்றக் காலாட்படை துவோமோனை மீட்டது. செனகல், சோமாலியா வீரர்களும் அதில் இருந்தார்கள். டிசம்பர் 18 அன்று சண்டை ஓய்ந்தபோது, பத்து மாதங்களுக்குப் பிறகு, முனை ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே இருந்தது. இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் மூன்று லட்சம் அளவில். காயம்பட்டவர்கள் அதற்கும் மேல்.

அடுத்த ஆண்டு நிவேல் தலைமைத் தளபதியாகி, ஷெமின் தெ தாம் மேட்டில் நடத்திய தாக்குதல் பெரும் தோல்வி. அதன்பின் படைப்பிரிவு படைப்பிரிவாக வீரர்கள் முனைக்குப் போக மறுத்தார்கள். மறுபடி பெத்தாங்கை அழைத்தார்கள். 500க்கும் மேற்பட்ட மரண தண்டனைகள் விதிக்கப்பட்டன. நிறைவேற்றப்பட்டவை 50ஐத் தாண்டவில்லை. விடுப்பை முறைப்படுத்தினார், சோற்றைச் சரிசெய்தார், பிரிவு பிரிவாக நேரில் போய்ப் பேசினார். வீண் தாக்குதல்கள் இனி இல்லை, டாங்கிகளுக்கும் அமெரிக்கர்களுக்கும் காத்திருப்பேன் என்றார். 1918 வெற்றியோடு மார்ஷல் ஆனார்.

போருக்குப் பின் வெர்தன் பிரான்சின் கோயிலாகிவிட்டது. 1920 நவம்பரில், அங்குள்ள கோட்டை மாளிகையில் எட்டு சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து, ஓர் இளம் வீரரிடம் பூங்கொத்தைக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தன் படைப்பிரிவு எண்ணான 132இன் இலக்கங்களைக் கூட்டி, ஆறாவது பெட்டியின் மேல் அவர் பூவை வைத்தார். பாரிஸ் வெற்றி வளைவின் கீழே உறங்கும் அறியப்படாத போர்வீரர் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறார். பூங்கொத்தை எடுத்துக் கொடுத்த அமைச்சர் ஆந்த்ரே மாஜினோ. 1914இல் வெர்தன் அருகே சார்ஜெண்டாகப் போரிட்டுக் காலில் காயப்பட்டவர். பின்னாளில் ஜெர்மானிய எல்லை நெடுகக் கட்டப்பட்ட கான்கிரீட் கோட்டை வரிசைக்கு அவர் பெயரே நிலைத்தது. மாதக்கணக்கில் குண்டு விழுந்தும் துவோமோன் இடியாமல் நின்றதைக் கண்ணால் பார்த்த தலைமுறை, கோட்டை காக்கும் என்று நம்பியது. 1915இல் கோட்டை பயனற்றது என்றதும் தவறு. 1930இல் கோட்டையே போதும் என்றதும் தவறு. 1934இல் போர் அமைச்சராக இருந்த பெத்தாங், சில ஏற்பாடுகள் செய்துவிட்டால் ஆர்டென் காடுகளை எதிரி கடக்க முடியாது என்று செனட் குழுவிடம் சொன்னார். 1940 மே மாதம் ஜெர்மானிய டாங்கிகள் அந்தக் காடுகள் வழியேதான் வந்து, செடான் அருகே மியூஸ் ஆற்றைத் தாண்டின. வெர்தன் வழியே ஓடும் அதே மியூஸ் ஆறு. 1916இல் பத்து மாதம் விழாத வெர்தன், 1940 ஜூன் 15 அன்று விழுந்தது.

மறுநாள் இரவு பெத்தாங் பிரதமரானார். வயது 84. 17ஆம் தேதி வானொலியில், கனத்த நெஞ்சோடு சொல்கிறேன், போரை நிறுத்த வேண்டும் என்றார். நாட்டின் துயரைக் குறைக்கத் தன்னையே கொடையாகக் கொடுப்பதாகவும் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த வீடுகளில் அப்பாவோ மாமாவோ வெர்தன் போய் வந்தவர்கள். அவர் சொன்னால் வேறு வழியிருக்காது என்று அந்த வீடுகள் நம்பியதைக் கோழைத்தனம் என்று என்னால் எளிதில் சொல்ல முடியவில்லை. நோரியா அந்தக் கடனை ஒவ்வொரு ஊரிலும் எழுதிவைத்திருந்தது. ஆனால் அது வீரர்கள் தங்கள் உடலால் ஈட்டிய பெயர். அதைத் தன் சொந்தச் சொத்தாக எண்ணி எடுத்துச் செலவு செய்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள்? ஜூலை 10 அன்று விஷி என்ற ஊரில் கூடிய நாடாளுமன்றத்தில் ஆதரவு 569 வாக்குகள், எதிர்ப்பு வெறும் 80; எல்லா அதிகாரமும் அவர் கையில். அக்டோபர் 24 அன்று மோந்துவார் ரயில் நிலையத்தில் ஹிட்லரோடு கைகுலுக்கினார். துவோமோனை மீட்டதும் ஓர் அக்டோபர் 24தான். இடையில் 24 ஆண்டுகள்.

அவரை எதிர்த்து லண்டனிலிருந்து பேசிய தளபதி தெ கோல், 1912இல் அவருடைய படைப்பிரிவில் சேர்ந்தவர். 1916 மார்ச் 2 அன்று துவோமோன் அருகிலேயே காயப்பட்டுச் சிறைப்பட்டவர். இறந்துவிட்டார் என்று எண்ணி அவருடைய வீரத்தைப் பாராட்டிய குறிப்பில் கையெழுத்திட்டவர் பெத்தாங். 1940 ஆகஸ்டில் பெத்தாங்கின் விஷி அரசின் படை நீதிமன்றம் தெ கோலுக்கு மரண தண்டனை விதித்தது. இந்த இருவருக்கு நடுவே யார் பக்கம் என்ற கேள்வி எங்கள் ஊருக்கும் வந்தது. 1940 செப்டம்பரில் ஆளுநர் பொன்வேன், பிரெஞ்சிந்தியா தெ கோலின் பக்கம் என்று அறிவித்தார். சிறுவயதில் அந்தக் கடற்கரைச் சிலையைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு, இது பாதி விடை.

பெத்தாங்குக்காக வாதாடுகிறவர்கள், அவர் கேடயமாக இருந்து பெரும் அழிவிலிருந்து பிரான்சைக் காத்தார் என்பார்கள். ஆனால் யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கிய, 1940 அக்டோபர் 3ஆம் தேதியிட்ட யூதர் சட்டத்தை யாரும் அவரைக் கட்டாயப்படுத்தி எழுதச் சொல்லவில்லை. 2010இல் வெளிவந்த அதன் வரைவில், அவருடையது என்று அடையாளம் காணப்பட்ட கையெழுத்துத் திருத்தங்கள் சட்டத்தை இன்னும் கடுமையாக்குகின்றன. 1942 ஜூலையில் பாரிசில் ஏறத்தாழ 13,000 யூதர்களை வளைத்துப் பிடித்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்கள். பிடிபட்டவர்களில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பிரான்சிலிருந்து நாஜி வதைமுகாம்களுக்கு ரயிலேற்றப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000 பேர். சூயியின் படிக்கட்டில் நின்று இளைஞர்களைப் பார்த்து நெஞ்சு இறுகியவர் எங்கே போனார்? இதை நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். அந்த இரக்கம் பொய் என்று நான் நினைக்கவில்லை. அது தன் வீரர்கள் என்ற வட்டத்தோடு நின்றுபோனது என்றே நினைக்கிறேன்.

1945 ஆகஸ்டில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தெ கோல் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். 1951 ஜூலை 23 அன்று, 95 வயதில், அந்தத் தீவில் பெத்தாங் இறந்தார். துவோமோனுக்கு அவரைக் கொண்டுவர 1966இல், போரின் ஐம்பதாம் ஆண்டிலும் கோரிக்கை எழுந்தது. குடியரசுத் தலைவர் தெ கோல் இணங்கவில்லை. 1984இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் மித்தரானும் ஜெர்மனியின் பிரதமர் ஹெல்முட் கோலும் அதே குன்றில் கைகோத்து நின்றார்கள். மித்தரான் 1940இல் வெர்தன் அருகே காயம்பட்டவர்; ஹெல்முட் கோலின் தந்தை வெர்தனில் போரிட்டவர். அதே மித்தரான் பின்னர் பல ஆண்டுகள் பெத்தாங்கின் கல்லறைக்கு மலர் வளையம் அனுப்பினார் என்று படித்தபோது எனக்கு வலித்தது.

துவோமோனில் 1932இல் திறக்கப்பட்ட எலும்பு மண்டபம் இருக்கிறது. அதன் முதல் கல்லை நாட்டியவர் பெத்தாங். பின்சுவரில் தரையை ஒட்டிச் சின்னச் சின்னச் சன்னல்கள். குனிந்து பார்த்தால் உள்ளே எலும்புகள். அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 பேருடையவை, பிரெஞ்சு எது ஜெர்மன் எது என்று பிரிக்க முடியாதவை. எதிரே 16,000க்கும் மேற்பட்ட கல்லறைகள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு முதியவர் தன் பேரனைத் தூக்காமல், தானும் மண்டியிட்டு, அந்தச் சன்னல் ஒன்றின் வழியே காட்டிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நீண்ட கல்சுவர் ஒன்று வரும். நடுவே மோசேயின் பத்துக் கட்டளைப் பலகைகள் செதுக்கியிருக்கும். பிரான்சுக்காக இறந்த பிரெஞ்சு யூதர்களுக்கும், நேச நாட்டு யூதர்களுக்கும், வெளிநாடுகளிலிருந்து தாமாக வந்து சேர்ந்த யூதர்களுக்கும் எழுப்பியது. திறக்கப்பட்ட ஆண்டு 1938. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து அந்தச் சட்டம் வந்தது.

1973இல் அந்த வேன் பிடிபடாமல் துவோமோன் வரை வந்திருந்தால், பெட்டியை இந்தச் சுவர் இருக்கும் திடலில்தான் இறக்கியிருப்பார்கள். சுவரின் மேல் யாரோ சிறு கூழாங்கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். நானும் பாதையிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி, அந்த வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு பஸ்ஸை நோக்கி நடந்தேன்.